முதல் முறை தனியாக வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: பிரான்ஸா, மாலத்தீவா, தாய்லாந்தா, இல்லை பி.எட். முடித்துவிட்டா?

என் சித்தி மகள் இந்த வருடம் புதுச்சேரியில் பி.ஏ. பிரெஞ்சு முடிக்கிறாள். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். மூன்று வருடமாகத் தினமும் காலை பஸ் ஏறி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பியவள். அந்த இருபத்து சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு இரவுகூடத் தனியாகத் தங்கியதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "அக்கா, நான் வெளிநாட்டுல டீச்சரா போகப் போறேன். எந்த நாடுன்னு மட்டும் நீ சொல்லு" என்றாள்.

கையில் நான்கு வழிகள் வைத்திருந்தாள். பிரான்ஸ் பள்ளிகளில் ஏழு மாதம் ஆங்கில உதவி ஆசிரியராக இருப்பது ஒன்று. மாலத்தீவுப் பள்ளி வேலை இரண்டாவது. நான் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த நாடு என்பதால் அது பட்டியலில் ஏறியிருந்தது. மூன்றாவது, வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் அனுப்பியிருந்த தாய்லாந்து வேலை. நான்காவது அவளுடையதல்ல, சித்தியுடையது: இங்கேயே பி.எட். படி, இரண்டு வருடம் ஏதாவது ஸ்கூலில் வேலை பார், அப்புறம் துபாயோ லண்டனோ போ.

அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் மஞ்சக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் இதே கேள்வியோடு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். சம்பளம், விசா, ஊர் எல்லாவற்றையும் நானும் ஒப்பிடுகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது வேறு. முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு, திரும்பி வரும் தேதி போகும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் என்று முடிகிறது, முடிந்தால் டிக்கெட் யார் தருவது, நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் எப்படிக் கிளம்புவது. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்கும் வேலை எதுவோ அதை முதலில் எடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

தாய்லாந்து: ஏஜென்ட் சொன்னதும், சொல்லாததும்

முதலில் இதை முடித்துவிடுகிறேன். ஏஜென்டின் செய்தியில் இருந்த கடைசி வரிதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது: "விசா இல்லாமலே போகலாம், அங்கே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்." இந்தியர்கள் சுற்றுலாவுக்காக விசா எடுக்காமல் தாய்லாந்துக்குள் போக 2023 இறுதியிலிருந்து சலுகை கிடைத்தது உண்மை. அது சுற்றிப் பார்ப்பதற்கு. வகுப்பில் நின்று சம்பளம் வாங்க நான்-இமிக்ரன்ட் பி என்ற வேலை விசா வேண்டும், அதன்மேல் வொர்க் பர்மிட் வேண்டும், அதன்மேல் அந்நாட்டு ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். இந்த மூன்றுக்கும் கடிதம் தர வேண்டியது பள்ளி, ஏஜென்ட் அல்ல. ஆங்கிலம் தாய்மொழி இல்லாத நாட்டுக்காரர் என்பதால் டோயிக் போன்ற ஒரு ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்பார்கள்.

ஒழுங்காகப் போனவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்துப் பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் ஏராளம், இந்தியர்களும் உண்டு. மே நடுவில் பள்ளி திறக்கும், நம் பட்டப்படிப்பு முடியும் நேரத்துக்குப் பொருந்தும். ஆனால் ஒரே பள்ளியில் ஒரே வேலைக்கு இங்கிலாந்துக்காரருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம் என்பது அங்கே சாதாரணம். வியட்நாமிலும் இதே நிலைதான்: பட்டம், ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் கேட்டு வொர்க் பர்மிட் தருவார்கள், விளம்பரத்திலேயே "நேட்டிவ் ஸ்பீக்கர்" என்று போட்டிருக்கும். தென் கொரியாவின் அரசுப் பள்ளித் திட்டமான எபிக், ஆங்கிலம் பேசும் ஏழு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைத்தான் எடுக்கிறது. நம் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இதில் மனம் உடையத் தேவையில்லை. விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொண்டால் மூன்று மாதம் மிச்சம்.

இதைவிடப் பெரிய பயம் வேறு. தாய்லாந்தில் நல்ல வேலை என்று கூட்டிப்போய், மே சோட் பக்கம் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைத்த கதைகள் 2022 முதல் வந்துகொண்டிருக்கின்றன. 2025 மார்ச்சில் மட்டும் அப்படி மீட்கப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானத்தில் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காட்டப்பட்ட தூண்டில் கம்ப்யூட்டர் வேலை, ஆசிரியர் வேலை இல்லை. ஆனால் "வந்துவிடு, விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு இரண்டுக்கும் ஒன்று.

ஏஜென்ட் வழியாகத்தான் போவேன் என்றால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாடு அரசுக்கே இதற்கென்று 1978 முதல் ஒரு நிறுவனம் இருக்கிறது: அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில். அங்கே வரும் அறிவிப்புகளையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலத்தீவு: பணம் சேரும், தனிமையும் சேரும்

நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டுப் போனேன். திருவனந்தபுரத்தில் ஏறினால் மாலே போய் இறங்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடலூரிலிருந்து திருவனந்தபுரம் போவதற்குத்தான் ஒரு நாள். தூரம் இவ்வளவு குறைவு என்பதால் அம்மா சம்மதித்தார். அந்தக் கணக்கு தப்பு என்று போன பிறகு தெரிந்தது. மாலேயிலிருந்து என் தீவுக்குப் படகு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகு வராது. வீட்டில் ஒரு அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் வந்து சேர முடியும் என்பதுதான் உண்மையான தூரம். அந்தக் கணக்கில் பாரிஸைவிட என் தீவு தொலைவு.

வேலையைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. அங்கே பாடமொழி ஆங்கிலம். மேல்வகுப்புகளில் கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் போன்ற பிரிட்டிஷ் தேர்வுகளுக்குத் தயார் செய்கிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணக்குப்பதிவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் வேண்டியிருக்கிறது, அதில் கேரளாவும் தமிழ்நாடும் பாதி இடத்தைப் பிடித்துவிடுவது போலத்தான் எனக்குத் தோன்றியது. என் பள்ளி ஸ்டாஃப் ரூமில் திருநெல்வேலியிலிருந்து ஒரு அக்கா, கோட்டயத்திலிருந்து ஒரு சார். போன முதல் நாளே முழு ஆசிரியர் நீங்கள். வகுப்பு, பாடத்திட்டம், மதிப்பெண், பெற்றோர் சந்திப்பு எல்லாம் உங்கள் தலையில். பயிற்சி இல்லாமல் போனால் நீந்தத் தெரியாமல் கடலில் இறங்கியது மாதிரி. பி.எட். இல்லாத பட்டதாரிக்குச் சம்பளமும் குறையும், இடம் கிடைப்பதும் கஷ்டம்.

சம்பளத்தில் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்தேன். செலவு செய்யக் கடையே இல்லாத தீவில் அது பெரிய சாமர்த்தியம் இல்லை. ஆனால் அதை வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சம்பளம் அந்நாட்டுப் பணமான ருஃபியாவில் வரும். அனுப்ப டாலர் வேண்டும். அங்கே டாலர் தட்டுப்பாடு பழைய வியாதி. வங்கி மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைக்கும், வெளியே மாற்றினால் விலை கூடுதல். அதனால் மாலத்தீவு வேலையைக் கணக்குப் போடும்போது "சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்" என்று ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒரு ஆசிரியரிடம் கேளுங்கள். கல்விக் கடன் தவணை இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது இஸ்லாமிய நாடு. மற்ற மதத்தவர் வெளிப்படையாக வழிபடக்கூடாது, வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. என் பெட்டியில் அம்மா வைத்துவிட்ட சின்னப் பிள்ளையாரைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் முன் திருநெல்வேலி அக்காதான் பார்த்து எடுக்கச் சொன்னார். வழியனுப்ப வந்த அவருடைய தம்பி வாங்கிக்கொண்டு போய் கடலூருக்கு கூரியரில் அனுப்பினார். சட்டம் அவர்களுடையது, மதித்து இருந்தேன், யாரும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. ஆனால் கார்த்திகை தீபத்தன்று விளக்கேற்ற முடியாத மனசு எப்படி இருக்கும் என்பதைப் போகும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாரம் அங்கே ஞாயிறு முதல் வியாழன். வெள்ளி, சனி விடுமுறை. முதல் வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீவை ஒரு சுற்று நடந்தேன். நாற்பது நிமிடத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டேன். இன்னொரு சுற்று நடந்தேன். நம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிற்கும்போது கடல் ஒரு பக்கம்தான் இருக்கும், முதுகுக்குப் பின்னால் ஊர் இருக்கும். அங்கே எல்லாப் பக்கமும் கடல். அன்று இரவு அழுதேன். மறுநாள் அக்கா வீட்டில் மீன் குழம்பு, அவர் கொண்டுவந்திருந்த புளியில் வைத்தது. அந்தச் சாப்பாடு இல்லையென்றால் முதல் மாதத்திலேயே திரும்பியிருப்பேன். அதனால் சொல்கிறேன்: மாலத்தீவில் வேலை கிடைத்தால் பள்ளியின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், அதே பள்ளியில் வேறு எந்த இந்திய ஆசிரியர் இருக்கிறார், அவரோடு போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று பள்ளி சொன்னால் எனக்கு அது நல்ல அறிகுறி இல்லை.

வளைகுடா

புதிதாகப் படித்து முடித்தவருக்கு இது இப்போதைக்கு இல்லை, அதனால் சுருக்கமாக. துபாய், மஸ்கட், தோஹா, ரியாத் எங்கும் நம் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. பி.எட். கேட்பார்கள், பெரும்பாலும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு, பள்ளியே தங்குமிடம் தருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, சம்பளக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படும். மொத்தச் சம்பளம் பெரிதாக, அடிப்படை மட்டும் சின்னதாக எழுதியிருந்தால் போகும்போது கையில் வருவதும் சின்னதுதான்.

பிரான்ஸ்: ஏழு மாதம், வாரம் 12 மணி நேரம்

இதைப் பற்றித்தான் அவளோடு அதிக நேரம் பேசினேன். நான் போனதில்லை. கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவர் போய் வந்தார், அவரிடம் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

பிரான்ஸ் அரசு வெவ்வேறு நாட்டு இளைஞர்களைத் தன் பள்ளிகளுக்கு மொழி உதவி ஆசிரியர்களாக எடுக்கிறது. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, வாரம் 12 மணி நேரம். பிரெஞ்சு படித்த இந்திய மாணவர்கள் ஆங்கிலத்துக்குப் போகலாம். இந்தியாவில் பிரெஞ்சுத் தூதரகம் வழியாகத் தேர்வு. அக்டோபரில் வேலை என்றால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதாவது கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே. தேர்வு முடிந்து ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு வருடத்தை இழந்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது, அதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். புதுச்சேரி சுஃப்ரேன் தெருவில் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இருக்கிறது. புதுச்சேரிப் பள்ளிகளில் இன்றும் பிரெஞ்சு ஒரு மொழிப்பாடம். கல்லூரியில் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. வேறு ஊர்ப் பிள்ளைகள் பெரிய நகரத்துக்குப் போய்ப் படிக்க வேண்டிய மொழியை நம் பிள்ளைகள் பஸ் பாஸில் போய்ப் படிக்கலாம். படித்தவர்களிலும் பலர் மதிப்பெண் எளிதாக வரும் என்பதற்காக எடுத்துவிட்டு, பேச வராமல் நிற்கிறார்கள். இந்தத் திட்டத்துக்குப் பேச வர வேண்டும். மொழித் தேர்வுகளில் பி1 என்கிற நடுத்தர நிலையாவது கையில் இருந்தால்தான் அங்கே போய் வீடு தேடவும் வங்கிக் கணக்கு திறக்கவும் முடியும்.

வகுப்பில் என்ன வேலை? முழு வகுப்பு உங்கள் பொறுப்பு இல்லை. ஆங்கில ஆசிரியர் இருப்பார். பாதிப் பிள்ளைகளை உங்களிடம் அனுப்புவார், அவர்களை ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண் போட வேண்டாம், பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டாம். பயிற்சி இல்லாத ஒரு பி.ஏ. பட்டதாரிக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வகுப்பறை கிடையாது என்பது என் தீர்மானமான எண்ணம். நான் மாலத்தீவில் முதல் மூன்று மாதம் தினமும் இரவு பதினொரு மணி வரை பாடம் தயாரித்தேன். பிரான்ஸ் போன அக்கா அந்த நேரத்தில், ஒரு வகுப்பை எப்படிப் பேச வைப்பது என்று இன்னொரு ஆசிரியரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். இன்று அவர் என்னைவிட நல்ல ஆசிரியர்.

பணம் சேராது, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிடித்தம் போகக் கைக்கு மாதம் சுமார் 800 யூரோ வரும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 80,000. கேட்க நன்றாக இருக்கும். சின்ன ஊரில் ஒரு அறைக்கே அதில் பாதி போய்விடலாம். சில பள்ளிகள் குறைந்த வாடகையில் வளாகத்திலேயே அறை தரும், சேர்க்கைக் கடிதம் வந்தவுடனே கேட்டு எழுத வேண்டும். வாடகை உதவித்தொகை என்று காஃப் என்ற அந்நாட்டு உதவித்தொகை அலுவலகம் ஒரு பகுதி தரும், ஆனால் அது வர மாதங்கள் ஆகும். முழுச் சம்பளம் நவம்பரில்தான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆக, நீண்ட கால விசாவுக்கு 99 யூரோ, டிக்கெட், அறைக்கு முன்பணம், முதல் இரண்டு மாதச் சாப்பாடு, ஒரு நல்ல குளிர்க் கோட்டு எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லட்ச ரூபாய் கையில் இல்லாமல் கிளம்பக் கூடாது. இது என் கணக்கு. அதைப் புரட்டுவதற்காக வட்டிக்கு வாங்கினால், ஏழு மாதமும் அந்த வட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

தனிமை? அங்கேயும் உண்டு, வேறு மாதிரி. பாரிஸ் என்று நினைத்துப் போவார்கள், போடுவது பெரும்பாலும் பெயர் கேள்விப்படாத சின்ன ஊரில். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. வாரம் 12 மணி நேரம்தான் வேலை என்பது நல்லதா கெட்டதா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "மிச்ச நேரத்துல என்ன பண்ணணும்னு போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டா நல்லது. இல்லன்னா ரூம்லயே படுத்துக் கிடப்போம்" என்றார். அவர் ஒரு சமையல் குழுவிலும் நூலகத்திலும் சேர்ந்துகொண்டாராம்.

விண்ணப்பத்தில் எந்தக் கல்வி வட்டாரம் வேண்டும் என்று மூன்று விருப்பம் கேட்பார்கள். கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளும் அதில் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் நம் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள், தமிழ்க் கோயில்கள் இருக்கின்றன, தீமிதி நடக்கிறது. குளிருக்குப் பயப்படுகிறவர்கள் யோசிக்கலாம். டிக்கெட் விலை கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சித்தி சொன்னது தப்பில்லை

பி.எட். 2015 முதல் இரண்டு வருடப் படிப்பு. அதன்பின் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இங்கே வேலை என்றால் மூன்று, நான்கு வருடம். இருபத்தொரு வயதில் இது மிக நீளமாகத் தெரியும். ஆனால் நிரந்தரமாக ஆசிரியராக இருக்க நினைப்பவருக்கு எல்லாக் கதவும் அதற்குப் பிறகுதான் திறக்கிறது. வளைகுடா சொல்லிவிட்டேன். இங்கிலாந்து 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்களையும் கியூ.டி.எஸ். என்ற அந்நாட்டு ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க அனுமதித்தது. கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிப்பவர்களுக்கு. பட்டம், ஆசிரியர் பயிற்சி, குறைந்தது ஒரு வருட அனுபவம் வேண்டும். அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் விசாவுக்கும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள்.

மொழிகள் என்று சொன்னேன் அல்லவா, அதில் பிரெஞ்சும் உண்டு. ஆங்கிலம் சொல்லித்தர நம்மை அழைக்காத இங்கிலாந்து, பிரெஞ்சு சொல்லித்தர அழைக்கலாம். சித்தி மகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரான்ஸில் ஏழு மாதம், வந்து பி.எட்., அப்புறம் இங்கிலாந்து என்றால் ஒன்று இன்னொன்றுக்கு உரமாகிறது. சித்தியும் அவளும் எதிரெதிராகப் பேசிக்கொண்டிருந்தது ஒரே வழியின் இரண்டு பகுதிகள்.

பிரெஞ்சு படிக்காதவர்களுக்கு என் பதில் இதிலிருந்து வேறு. கணிதமோ அறிவியலோ படித்திருந்தால் முதலில் பி.எட்., பிறகு மாலத்தீவு அல்லது வளைகுடா. ஆங்கிலம் மட்டும் படித்திருந்தால் அவசரப்பட்டு 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு பாங்காக் கிளம்பாதீர்கள். ஆங்கிலம் கற்பிக்கக் கேம்பிரிட்ஜ் தரும் செல்டா சான்றிதழ் நல்ல பயிற்சி, ஆனால் லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணம் பி.எட். கட்டணத்துக்கே போகட்டும்.

எங்கே போனாலும், காகிதம்

கடலூர், புதுச்சேரி ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலர் பிறந்தது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில். அதனால் பிறப்புச் சான்று உழவர்கரை நகராட்சியில். பத்தாவதும் ப்ளஸ் டூவும் கடலூரில், அது தமிழ்நாடு. பட்டம் மறுபடி புதுச்சேரி. வெளிநாட்டுக்காகச் சான்றிதழ் உண்மையானது என்று அட்டெஸ்டேஷன் வாங்கும்போது, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை, சான்றிதழைக் கொடுத்த மாநிலம் எது என்றுதான் பார்ப்பார்கள். ஆக ஒரே ஆளுக்கு இரண்டு மாநிலத்தில் அலைச்சல். அதன் பிறகுதான் வெளியுறவுத் துறையின் முத்திரை. பிரான்ஸ், ஓமன், சவுதி, பஹ்ரைன் போன்ற நாடுகளுக்கு வெளியுறவுத் துறை தரும் அப்போஸ்டில் என்ற முத்திரையே போதும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ப்ரொவிஷனல் சான்றிதழைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், பட்டச் சான்றிதழே கேட்பார்கள். கான்வகேஷனுக்கு இப்போதே பணம் கட்டி வையுங்கள்.

பெயர் அடுத்த தலைவலி. மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. எனக்கு மாலத்தீவு விசா இதில்தான் மூன்று வாரம் நின்றது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பினேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் தடை போட்டது. பிறப்புச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் எடுத்துப் பாருங்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்து, பிறகு சேர்க்காமல் விட்ட சான்றிதழ்கள் நம் வீடுகளில் நிறைய. பிரான்ஸில் மருத்துவக் காப்பீட்டுக்கு அப்பா அம்மா பெயரோடு கூடிய பிறப்புச் சான்றும் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள், மூலத்தைத் தண்ணீர் புகாத கவரில் மேல் அலமாரியில் வையுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது எங்கள் வீட்டில் கீழ் அலமாரி முழுகும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டின் ஓரம் இன்றும் பழுப்பு. மூலச் சான்றிதழை எந்த ஏஜென்டிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே போன பிறகு பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள், அது இந்திய அரசின் சொத்து.

சின்ன விஷயங்கள் மூன்று. வங்கி ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் உங்கள் பணத்தை நீங்களே எடுக்க முடியாது. பல்லைக் காட்டிச் சரிபார்த்துவிட்டுப் போங்கள், வெளியே பல் வைத்தியம் கொள்ளை விலை. ஒரு குழம்பு, ஒரு ரசம் வைக்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

சித்திக்கு மட்டும் கடைசி வரை ஒரே கேள்வி. "ஏப்ரல் முப்பது முடிஞ்சா வந்துடுவாளா?" வருவாள் சித்தி, ஒப்பந்தத்திலேயே அந்தத் தேதி இருக்கிறது என்றேன். அவர் உள்ளே போய் இரும்புப் பெட்டியிலிருந்து சித்தி மகளின் பிறப்புச் சான்றை எடுத்து வந்தார். பெயர் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல், பாஸ்போர்ட்டில் அது இல்லை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் உழவர்கரை நகராட்சிக்குப் போகிறோம்.